தேன் வாங்கி ஏமாந்த கதை உங்களுக்கும் உண்டா?

மதுரைக்காரன்:
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு, நத்தம் போகும் சாலையில் புளியமரத்தடியில் இரண்டு பேர் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலே தேனடை, அதில் செத்தும் சாகாமலும் நாலைந்து தேனீ. “இப்பத்தான் சார் மலையிலிருந்து இறக்கினது.” அப்பா காரை நிறுத்தச் சொன்னார்.

அவருக்குத் தெரிந்த சோதனை எல்லாம் நடந்தது. தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. பேப்பரில் ஒரு சொட்டு, ஊறவில்லை. விற்றவரே தீக்குச்சியை முக்கி உரசிக் காட்டினார், பக்கென்று பற்றியது. லிட்டர் 600 ரூபாயில் தொடங்கி 450-க்கு முடிந்தது. பேரத்தில் ஜெயித்த சந்தோஷம் வேறு.

வீட்டில் அம்மா மூடியைத் திறந்ததுமே “வெல்ல வாசனை அடிக்குதே” என்றார். கொசுறாகக் கொடுத்த அடையைப் பிய்த்துப் பார்த்தால் உள் அறைகள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. பழைய அடையைப் பாகில் முக்கி வைத்திருக்கிறார்கள். அப்பா விடவில்லை, “தண்ணியில கரையலையே!” அதற்கு அம்மா கேட்டதுதான் கேள்வி: “அதிரசத்துக்குப் பாகு பதம் பாக்கிறதே தண்ணியில விட்டுத்தானே? நல்லாக் காய்ச்சின பாகு எப்படிக் கரையும்?” அப்பா டிவியைப் போட்டுவிட்டார்.

குலசேகரம் மருமகள்:
எனக்கு நேர்மாறாக நடந்தது. மாமனார் ஊரிலிருந்து ரப்பர் தேன், அதாவது ரப்பர் தோட்டத்தில் எடுத்த தேன், கொடுத்துவிட்டார். இரண்டே மாதத்தில் பாட்டிலில் பாதிக்கு மேல் நெய் மாதிரி உறைந்து, நாக்கில் வைத்தால் நறநறவென்று மணல். யாரோ சீனி கலந்து அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். சொன்னால் வருத்தப்படுவாரே என்று சிங்க்கில் ஊற்றி வெந்நீர் விட்டுக் கழுவிவிட்டேன். அடுத்த தடவை போனபோது, “தேன் உறைஞ்சிருக்குமே மக்களே, வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வச்சியா?” என்று கேட்டார். வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய?

பெட்டித்தேன்:
சகோதரி, அது நல்ல தேன். மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மரம் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கிறது. அதில் குளுக்கோஸ் கூடுதல், அப்படிப்பட்ட தேன் சீக்கிரம் உறையும்.

இன்னொன்று: எங்கள் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. அதன் தேனில் ஈரம் கொஞ்சம் கூடுதல், தண்ணியாக ஓடும். மதுரைக்காரர் அப்பா சோதித்திருந்தால் என் தேனைப் போலி என்று ஒதுக்கியிருப்பார்! தீக்குச்சி பற்றினால் ஈரம் குறைவு என்று அர்த்தம், அவ்வளவுதான். அப்புறம், சுத்தமான தேனில் எறும்பு மொய்க்காது என்று யார் கிளப்பிவிட்டார்களோ. எறும்புக்குப் பயந்துதான் ஒவ்வொரு பெட்டியின் ஸ்டாண்டுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறோம். வெயில் காலத்தில் அதை நிரப்புவதே ஒரு வேலை.

லேப் பக்கம் இருந்தவன்:
கடை பாட்டில் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. எல்லாச் சோதனையிலும் தேறியவை ஐந்துதான். நிறுவனங்கள் மறுத்தன, அது தனிக் கதை.

விஷயம் என்னவென்றால், கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கலந்தால் அதன் கார்பனை வைத்தே லேபில் பிடித்துவிடலாம். தேனீ போகும் செடிகளில் பெரும்பாலானவை வேறு வகை. ஆனால் அரிசியும் தேனீ போகும் செடிகளின் வகைதான், அதனால் அரிசிப் பாகு அந்தச் சோதனையில் நழுவிவிடும். அதற்காகத்தான் என்எம்ஆர் சோதனை, அதாவது தேனைக் காந்தப்புலத்தில் வைத்து அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அந்த மாதிரிகளை ஜெர்மனிக்கு அனுப்பித்தான் பார்த்தார்கள். இதில் நம் தம்ளர் தண்ணீர் என்ன செய்யும்?

மதுரைக்காரன்:
பெட்டித்தேன் அண்ணே, நேரில் வந்தால் எடுப்பதைப் பார்க்க விடுவீர்களா? அப்பாவையும் கூட்டி வருகிறேன்.

பெட்டித்தேன்:
பிப்ரவரி கடைசியில் வாங்க. அடையிலிருந்து தேன் எடுக்கும் மெஷினை அப்பாவே சுற்றட்டும். பாட்டில் மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடுங்கள், ஈரம் இல்லாமல்.