பழைய பீடங்களின் படங்கள் தேவை: மதுரை, சிவகங்கைப் பக்கத்து நண்பர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் பகுதியின் பழைய தேவாலயப் பீடங்களைப் பற்றி ஒரு படத்தொகுப்பு செய்துவருகிறேன். அதற்கு உங்கள் வீட்டு ஆல்பங்கள் வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்பு, சுவரையொட்டிய பீடத்தை நோக்கி நின்றுதான் குருவானவர் திருப்பலி (பூசை) நிறைவேற்றுவார். பிறகு மக்களைப் பார்த்து நிற்கும் வழக்கம் வந்தது; பீடமும் முன்னால் வந்தது. அதோடு பல ஊர்களில் பழைய பீடத்தை மரவேலைப்பாடு, சுரூபக் கூடுகளோடு (புனிதர் சிலைகள் வைக்கும் மாடங்கள்) பிரித்தெடுத்துவிட்டார்கள். அந்த மாற்றத்துக்கு இது அவசியமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

போலந்தின் கிராக்கோவ் நகரில், சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய பெரிய மரப்பீடத்தைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அதை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் போலந்துக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்து மீட்டுவந்தார்கள். நம் ஊர்ப் பீடங்களுக்குப் படமாவது மிஞ்ச வேண்டாமா?

மதுரை கிழக்கு வெளி வீதி மரியன்னை பேராலயம், இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம், சிறு கிராமக் கோயில்கள், எதுவானாலும் சரி. 1970-க்கு முந்தைய கல்யாணப் படம், புதுநன்மைப் படம் (பிள்ளைகள் முதன்முதலில் நற்கருணை வாங்கிய நாளின் படம்) இருந்தால் பாருங்கள்; ஆட்களுக்குப் பின்னால் பீடம் தெரியும். கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் போதும், மூலப்படத்தைத் தர வேண்டாம். ஊரும் தோராயமான ஆண்டும் குறிப்பிடுங்கள். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் அவசியம் எடுத்து அனுப்புங்கள்.