மறு: ஸ்கைலைன், வியூ பொயிண்ட் – இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

வணக்கம்.

நகரத்தின் ஸ்கைலைனை, அதாவது வானத்தின் பின்னணியில் தெரியும் அதன் மேல்விளிம்பை, ஒளிப்பதிவு செய்வோருக்கான கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில், ஸ்கைலைனுக்கு ‘வான்வரை’, ‘நகரமுகடு’ என்பனவும், அதைப் பார்க்க ஏற்ற இடமான வியூ பொயிண்டுக்குக் ‘காட்சிமேடை’, ‘உச்சிநோக்கு’ என்பனவும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவை யாவும் சமதரை நகரத்தை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டவை என்று எனக்குப் படுகிறது. கொழும்பை நினைத்துக்கொண்டால் இவற்றில் குறை தெரியாது. பேர வாவியின் மறுகரையில் நின்று பார்த்தால், 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரமும் அதன் அயலிலுள்ள மாடிக் கட்டடங்களும் வெறும் வானத்தின்மீது கத்தரித்து ஒட்டியவைபோல் நிற்கும். கண்டியில் கமெராவைச் சுமந்து அலைந்தவனுக்கு இந்தச் சொற்கள் அவ்வளவாக உதவா.

கண்டி நகரத்தை மேலிருந்து பார்க்கும் இடமான ஆதர்ஸ் சீட்டுக்கு முதல்முறை நான் ஏறியபோது, ஊரிலேயே நல்ல ஸ்கைலைன் அங்கிருந்துதான் கிடைக்கும் என்று நம்பியே முக்காலியை விரித்தேன். வடக்கு நோக்கி வைத்த சட்டத்துக்குள் 1807இல் கட்டப்பட்ட வாவி, அதன் நடுவிலுள்ள சிறுதீவு, அப்பால் தலதா மாளிகையின் எண்கோண மண்டபம், அதற்கும் பின்னால் உடவத்தகலைக் காடு ஆகிய எல்லாமே அடங்கின. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோதுதான் மாளிகையின் கூரை முழுவதும் காட்டின் கரும்பச்சையில் பதிந்து கிடப்பதையும், வானம் மேலே ஒரு நாடாவளவே இருப்பதையும், அந்த நாடாவைத் தொட்டுக்கொண்டிருப்பவை மலைகளே என்பதையும் கவனித்தேன். அழகான படந்தான், ஆனால் அதை ஸ்கைலைன் என்று எந்த வாயால் சொல்வது?

இதற்குக் காரணம் எளிது. அடிவானம் எப்போதும் கமெராவின் கண்மட்டத்திலேயே அமைகிறது. ஆகவே, கண்மட்டத்தைவிடத் தாழ்ந்த எந்தக் கூரையும் படத்தில் அடிவானத்துக்கு மேலே எழாது. நாம் ஏற ஏற நகரம் கீழே அமிழ்ந்து, வானத்தை விட்டு விலகி, வெறும் ஊர்ப்பரப்பாகிவிடுகிறது. கிண்ணம்போன்ற கண்டியில் அடிவானத்தையே மலைகள் மறைத்துக்கொண்டிருப்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது: கூரை வானத்தைத் தொட வேண்டுமானால், பின்னாலுள்ள மலைமுகட்டைவிட அது நம் கண்ணுக்கு உயரமாகத் தெரிய வேண்டும். அதற்குத் தாழ இறங்கிக் கட்டடத்தை நெருங்க வேண்டும். எட்ட நின்று ஸூம் செய்வதால் கூரையும் மலையும் ஒரே அளவில் பெருக்குமே தவிர, கூரை மலையைத் தாண்டாது. எனவே, நல்ல இடம் உயரத்தில்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடும் ‘உச்சிநோக்கு’ என்ற சொல்லைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

‘வான்வரை’ எனக்கும் பிடித்த சொல்தான். ‘வரை’ மலையையும் எல்லையையும் குறிப்பதோடு, வரைதல் என்ற வினையையும் நினைவூட்டுகிறது. ஆனால் ‘கட்டடங்கள் வான்வரை உயர்ந்து நிற்கின்றன’ என்று கையேட்டில் எழுதினால், வாசிப்பவர் அதைக் கலைச்சொல்லாகக் கொள்வாரா, வானம் மட்டும் என்று கொள்வாரா? சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தப்பிக்கலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பேச்சில் தடித்த எழுத்து ஏது?

‘வான்கோடு’ என்பதை நான் முன்மொழிகிறேன். ‘கோடு’ என்பதற்கும் வரி, மலையுச்சி என்ற இரு பொருள்களும் உண்டு. திருச்செங்கோட்டின் பெயரில் இருப்பது மலைதானே. தவிர, இலங்கைப் பாடசாலைப் புவியியலில் அகலக்கோடு, நெடுங்கோடு, சமவுயரக்கோடு என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது அந்தக் குடும்பத்திலேயே பிறந்த சொல்லாகப் படும். வானத்தோடு நிலத்துப் பொருள்கள் சந்திக்கும் விளிம்பு என்று பொருள் வரையறுத்தால், அந்தப் பொருள் கட்டடமா மலையா என்ற கேள்விக்குச் சொல் இடம் விட்டுவைக்கிறது. கண்டியின் வான்கோடு பெரும்பாலும் மலையுடையது. அதற்குக் கீழே, காட்டையோ தேயிலையையோ பின்னணியாகக் கொண்டு ஓடும் கட்டடங்களின் மேல்விளிம்பைக் ‘கூரைக்கோடு’ என்று பிரித்துச் சொல்லலாம். மலைநாட்டில் படமெடுப்பவர் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள வெளியைத்தான் ஆள வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் அந்த வெளிக்குள் பனிமூட்டம் புகுந்து, காட்டின் கருமையை வெளிறச் செய்து, கூரைகளை முன்னே தள்ளிக் காட்டும் அரைமணி நேரத்துக்காகவே பலர் இருட்டோடு எழுகிறார்கள்.

இரண்டு கோடுகளும் ஒன்றாகும் ஊர்களும் உண்டு. ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், இருபுறமும் நிலம் சரியும் ஒடுங்கிய மலைத்தொடரின்மேல் அமர்ந்திருக்கும் ஹப்புத்தளையைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் இடங்களில் அதன் கூரைக்கோடே வான்கோடாகிவிடுகிறது. ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் இந்த வேறுபாட்டை எழுத ஒரு பந்தி தேவைப்படும்.

இனி வியூ பொயிண்ட். திரைப்படக்காரருக்குக் ‘காட்சி’ என்பது கதையின் ஒரு துண்டு, திரையரங்குக்காரருக்கு மாலை 6.30. ஒளிப்பதிவுக் கையேட்டில் ‘காட்சிமேடை’ என்று எழுதினால் அரங்க அமைப்பு என்றே முதலில் தோன்றும். ‘மேடை’யிலும் எனக்கு உடன்பாடில்லை. மேடை கட்டப்படுவது. நாம் தேடும் இடமோ பெரும்பாலும் யாரும் கட்டாதது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு ‘முடக்கு’ என்று பெயர். வீதி வளையும் ஒவ்வோரிடத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். கோயில் முடக்கு, ஸ்டோர் முடக்கு என்ற வரிசையில், ஹற்றன் வெளிச்சங்கள் சட்டென்று கண்ணில் படும் வளைவை எங்கள் அப்பாயி ‘டவுன் தெரியுற மொடக்கு’ என்பார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து மூச்சுவிடும் இடமும் அதுதான். இதைவிடச் சரியான வரைவிலக்கணத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. ஆயினும் வளைவில்லாத இடத்துக்கு முடக்கு என்று பெயரிட முடியாது.

குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் ஏறியிருந்த ‘இதணம்’ எனக்கு ஆசை காட்டியது உண்மை. ஆனால் அதுவும் கட்டிய பரண்தான், அதோடு அகராதியைப் புரட்ட வைக்கும் சொல்லைக் கையேட்டில் வைப்பது வாசகருக்குச் செய்யும் உபகாரமாகாது.

ஆகவே ‘காண்முனை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. முனை என்பது வரைபடத்தில் இடக்கூடிய புள்ளியாகவும் நிலத்தின் நீட்சியாகவும் இருப்பதால், மலைமுடக்குக்கும் மொட்டைமாடிக்கும் ஒருங்கே பொருந்தும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியோடு பறக்கவிடும் ட்ரோன் ஆகாயத்தில் தரித்து நிற்கும் இடத்தையும் காண்முனை எனலாம், மேடை எனல் இயலாது. ‘காண்முனை தேர்தல்’, ‘காண்முனைக் குறிப்பேடு’ என்று சொல்லும் தாராளமாக நீளும்.

வரைவிலக்கணத்தில் நேரத்தையும் திசையையும் சேர்க்க வேண்டும் என்று மட்டும் வற்புறுத்துவேன். கண்டி நகரத்துக்கு மேற்கே உள்ள பைரவகந்தைக் குன்றிலிருந்து கிழக்கு நோக்கி எடுக்கும்போது, காலையில் வெயில் கமெராவுக்குள்ளேயே விழுந்து கூரைகளைக் கருநிழலாக்கும். பின்னேரம் நாலரை மணிக்கு அதே இடத்தில் ஒவ்வோர் ஓடும் தனித்தனியே தெரியும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலானால் அந்த நேரத்தில் இடிமழை பிடித்துக்கொள்வதும் வழக்கம். எனவே பதிவுக்கு என் வரைவு இது: ‘காண்முனை – குறித்த நேரத்து ஒளியில், குறித்த திசையில், ஒரு நகரத்தின் வான்கோட்டையோ கூரைக்கோட்டையோ தடையின்றிப் படமெடுக்கத்தக்க புள்ளி.’

‘கூரைக்கோடு’ கட்டடக்கலைஞரிடம் வேறு பொருளில் ஏற்கெனவே வழங்குகிறதா என்பதை இங்குள்ள பொறியியலாளர்கள் பார்த்துச் சொன்னால், அதற்கேற்ப அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.