வட்டும் பெட்டியடியும்

*குழு: ஐயா வீட்டார், காரைக்குடி*

தங்கை, மாலை 6.12
அண்ணே, இந்த ஆண்டோடு என் கல்லூரிப் படிப்பு முடிகிறது. வட்டு எறிதலில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் வந்துவிட்டாலும், இந்திய அணிக்குத் தேவையான தூரம் எனக்கு எட்டாது என்பது எனக்கே தெரிகிறது. பாட்டியாலாவுக்குப் போய்த் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் பட்டயம் படிப்பதா, அப்பச்சியின் கடைக்கு வந்துவிடுவதா என்று வீட்டில் தினமும் இதே பேச்சுதான். இரண்டையும் செய்து பார்த்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான்.

தேவகோட்டை அம்மான், 6.20
வட்டு எறிந்தவர்கள் ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து பிழைப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி கொடுத்துச் சம்பாதித்தவர் யார்?

சென்னை ஆச்சி, 6.41
இருக்கிறார்கள், அம்மான். அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் குண்டும் வட்டும் எறிந்த ஜான் கோடினா, 1995, 1997, 2001 ஆகிய ஆண்டுகளில் குண்டு எறிதலில் உலகச் சாம்பியன். அவர் பிறகு பீனிக்ஸ் நகரில் எறிவீரர்களுக்கென்றே தொடங்கிய பயிற்சி மையம் வளர்ந்து, ஆல்டிஸ் என்ற பெயரில், பயிற்றுநர்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தும் நிறுவனமானது. ஆனால் எல்லாரும் அந்த வழியில் போகவில்லை. 1956 முதல் 1968 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் வட்டு எறிதலில் தங்கம் வென்ற ஆல் ஓர்ட்டர், விமானம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணினி வேலை பார்த்தார்.

ஆத்தங்குடி அண்ணன், 7.48
பட்டறையில் ஆத்தங்குடித் தரைக்கல் இறக்கிக்கொண்டிருந்ததால் இப்போதுதான் பார்த்தேன். தங்கைக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி முடித்ததும், வட்டும் குண்டும் ஈட்டியும் எனக்குத் தெரிந்த சரக்கு என்ற தைரியத்தில் விளையாட்டுப் பொருள் கடை போட்டேன். ஒரு பள்ளி வாங்கும் ரப்பர் வட்டு லேசில் உடைவதில்லை என்பதையும், ஜூன் மாதம் வாங்கிய சரக்குக்கு மார்ச்சில்தான் பணம் தருவார்கள் என்பதையும் கடை போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டே ஆண்டில் வீட்டு நகை அடகுக்குப் போயிற்று. அதன்பின் ஒரு தனியார் பள்ளியில் பயிற்றுநரானேன். பிள்ளைகள் பதக்கம் வாங்கியபோது எனக்கு மாலை போட்டார்கள். மூன்று மாதச் சம்பளத்தை மட்டும் இன்றுவரை தரவில்லை.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. சுழன்று வந்து இடது காலை நான் எப்படி ஊன்றினேன் என்று ஒரு பிள்ளை கேட்டால், செய்து காட்டத்தான் முடிந்ததே தவிர, வாயால் விளக்க முடியவில்லை. பட்டயம் படித்த பிறகுதான் அதற்கெல்லாம் சொல் கிடைத்தது. போன மாதம் ஒரு சிறுமி, ஒரு கிலோ வட்டை முழுவதும் கை பலத்திலேயே தள்ளிக்கொண்டிருந்தாள். வட்டை வாங்கி வைத்துவிட்டு, முடிச்சுப் போட்ட துண்டைக் கையில் கொடுத்து, துண்டு எப்போதும் இடுப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று பத்து நாள் சுழல வைத்தேன். பதினோராம் நாள் வட்டைத் தொட்டபோது கை தானாகவே பின்தங்கி வந்தது.

கண்மாய்ப் பொட்டலில் ஏன் பயிற்சி என்று பெற்றோர் கேட்கிறார்கள். வலக்கைக்காரருக்கு வலப்பக்க முன்னாலிருந்து வரும் காற்றில்தான் வட்டு மிதந்து போகும். பின்காற்றில் தலைகவிழ்ந்து விழுந்துவிடும். 2024இல், கலிபோர்னியாவில் கல்லூரி மாணவராக இருந்த லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா, ஓக்லஹோமாவில் காற்றுக்குப் பெயர்போன ரமோனா மைதானத்தில் 74.35 மீட்டர் எறிந்துதான், 1986 முதல் நின்றிருந்த 74.08 என்ற ஆண்கள் உலகச் சாதனையை முறியடித்தார்.

வருமானம் கல்லில்தான். கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே கலவை நிரப்பித் தண்ணீரில் ஊறவைக்கும் இந்த வேலைக்குச் சூளையே கிடையாது. அவசரப்பட்டால் பூவேலை கலங்கிவிடும். முன்பணம் வாங்காமல் அச்சைத் தொடக்கூடாது என்ற பழக்கம் எனக்குப் பட்டறையில்தான் வந்தது. அதையே பொட்டலுக்கும் கொண்டுபோனேன்: முடிந்தவர்கள் மாதத்தின் முதல் வாரத்தில் கட்டணம் கட்டிவிட வேண்டும், முடியாத பிள்ளைகளிடம் கேட்பதே இல்லை.

தேவகோட்டை அம்மான், 7.59
அப்படியானால் பயிற்சிக் கணக்கில் மிச்சம் எவ்வளவு?

ஆத்தங்குடி அண்ணன், 8.03
மிச்சம் ஏது, அம்மான். சுண்ணாம்பு, அளவு நாடா, வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்துக் கட்டணம் என்று போன ஆண்டும் கையைக் கடித்தது. கல்லில் வந்ததைக் கொண்டு ஈடுகட்டினேன்.

ஐயா, 8.15
பினாங்கில் 14 வயதில் என்னைப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் பணப்பெட்டியருகே இருந்து தொழில் பழகும் பையனாக, உட்கார வைத்தார்கள். வரவு செலவு, இருப்பு எல்லாம் சேர்ந்த ஐந்தொகையைப் பிசகாமல் கூட்டத் தெரிந்த பிறகே, கடையை நடத்துபவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக்கினார்கள்; ஒரு கணக்கு என்று சொல்லும் மூன்று ஆண்டுப் பணிக்காலம் முடியாமல் ஊர் திரும்பவும் விடவில்லை. ஆத்தா, நீ முதலில் பாட்டியாலா போய்ச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள். திரும்பி வந்து காலையில் பொட்டல், பகலில் கடையில் பெட்டியடி. உன் அப்பச்சியிடம் நான் பேசுகிறேன்.

தங்கை, 8.18
சரி, ஐயா. அண்ணே, இந்தச் சனிக்கிழமை நான் பொட்டலுக்கு வரலாமா?

ஆத்தங்குடி அண்ணன், 8.20
ஐந்தரைக்கு வந்துவிடு, உன் வட்டையும் எடுத்து வா. எறிந்து முடித்த பிறகு பயிற்சிப் பேரேட்டைத் தருகிறேன். ஒரு வரி விடாமல் பார்.

ஐயா, 8.22
பேரேட்டை முதலில் என்னிடம் கொண்டுவா. போன தடவை செலவுப் பக்கத்தில் நீ கூட்டியது தப்பு.