வெப்ப அலைக்குப் பின் வாஷிங்டன் பெர்ரித் தோட்டங்கள்: ராஸ்பெர்ரி ஏன் வெளுத்திருக்கிறது?

பெல்வியூ வாசகி (ஜூலை 15, 2021)

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுதோறும் ஜூலை நடுவில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வடக்கே, வாஷிங்டன் மாநிலத்தின் வாட்கம் மாவட்டத்துக்குச் சென்று, நாமே பறித்து எடைபோட்டு வாங்கும் பெர்ரித் தோட்டம் ஒன்றில் அரை நாளைக் கழிப்பது எங்கள் வழக்கம். இம்முறை சென்றபோது ராஸ்பெர்ரிப் பழங்களில் பல, ஒரு பக்கம் நல்ல சிவப்பாகவும் மறுபக்கம் வெளிறிய மணிகளுடனும் இருந்தன. விரல் பட்டாலே கூழாகிவிடும் அளவுக்குச் சில பழங்கள் மென்மையாகவும் இருந்தன. வெயில் அதிகமானால் பழம் நன்கு பழுத்து இனிக்கும் என்றல்லவா நாம் நினைத்திருக்கிறோம்? இது நோயா, மருந்தா, அல்லது ஜூன் இறுதியில் வந்த வெப்பத்தின் விளைவா? வெளுத்த பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? தோட்டத் தொழிலில் இருப்பவர்கள் யாரேனும் இருந்தால், இந்தப் பருவம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

லிண்டன் தோட்டத்தார்

வணக்கம், சகோதரி. அதே வாட்கம் மாவட்டத்து லிண்டனுக்கு அருகில் ராஸ்பெர்ரியும் புளூபெர்ரியும் பயிரிடும் தோட்டம் ஒன்றில் பயிர் மேற்பார்வை செய்து வருகிறேன். முதலில் தங்கள் கடைசிக் கேள்விக்கு விடை: தாராளமாகக் கொடுக்கலாம். அது நோயும் இல்லை, மருந்தும் இல்லை. ராஸ்பெர்ரி என்பது ஒரே பழம் போலத் தோன்றினாலும் பல சிறு மணிகள் சேர்ந்த கூட்டம். பழம் நிறம் மாறும் வேளையில் கடும் வெயிலும் புற ஊதாக் கதிரும் நேராகத் தாக்கினால், வெயில் பட்ட மணிகள் மட்டும் நிறமேறாமல் நின்றுவிடுகின்றன. பிற்பகல் வெயில் விழும் தென்மேற்குப் பக்கத்திலேயே அது மிகுதியாக இருக்கும். அடுத்த முறை வரிசையின் இரு பக்கமும் நின்று பாருங்கள், வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

ஆனால் வெளுப்பு இந்தக் கதையில் சிறிய பகுதிதான். ஜூன் 26, 27, 28 ஆகிய மூன்று நாளும் சியாட்டிலில் வெப்பம் 100 பாரன்ஹீட்டைத் தாண்டியது. 28-ஆம் நாள் அது 108-ஐத் தொட்டது, அதாவது 42 செல்சியசுக்குச் சற்று மேல். அதற்கு முந்தைய உச்சம் 2009-இல் பதிவான 103 பாரன்ஹீட் மட்டுமே. எங்கள் தோட்டத்து வெப்பமானியும் 40 செல்சியசை ஒட்டி நின்றது. வழக்கமாக ஜூன் இறுதியில் 22, 23 டிகிரியில் வளரும் செடிகள் இவை. வீட்டில் ஏசி வைக்கும் வழக்கமே இல்லாத ஊர்ச் செடிக்கு மட்டும் வேறு வழி ஏது? மேலும் வெயிலில் நிற்கும் பழத்தின் தோல் சுற்றியுள்ள காற்றைவிடவும் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். எனவே பழுக்கத் தொடங்கியவை வெந்து மென்மையாகின, பச்சைக் காய்கள் வளர்ச்சி குன்றிச் சிறுத்தன, பழம் தாங்கும் பக்கக் கிளைகளில் நுனியில் இருந்தவை கருகின. வெயில் இனிப்பைக் கூட்டும் என்பது 25 டிகிரி வெயிலுக்குப் பொருந்தும்.

இங்கே விளையும் ராஸ்பெர்ரியில் பெரும்பகுதி இயந்திரத்தால் அறுவடை செய்யப்பட்டு உறைய வைக்கப்படுவது. அமெரிக்காவில் உறைய வைக்கப்படும் சிவப்பு ராஸ்பெர்ரியின் மிகப் பெரிய பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்துதான் செல்கிறது. வரிசையின் மேல் நகரும் இயந்திரம் தண்டுகளை அதிரச் செய்து, பழுத்தவற்றை மட்டும் கீழே நகரும் பட்டையில் விழச் செய்யும். பழம் கெட்டியாக இருந்தால் தனித்தனிப் பழமாக உறைய வைத்து நல்ல விலைக்கு விற்கலாம். மென்மையாகிவிட்டால் அதே பழம் கூழுக்கோ சாற்றுக்கோ இறங்கிவிடும், விலையும் இறங்கிவிடும். எனவே எத்தனை பவுண்டு பறித்தோம் என்ற கணக்கைக் காட்டிலும், எந்தத் தரத்தில் எத்தனை பவுண்டு என்ற கணக்கே இவ்வாண்டு எங்களை வருத்துகிறது.

வில்லமெட் பூச்சியியல் மாணவி

வாஷிங்டனுக்குத் தெற்கே உள்ள ஆரிகன் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே சேலம் என்ற ஊரில் ஜூன் 28 அன்று 117 பாரன்ஹீட், அதாவது 47 டிகிரி பதிவானது. நம் சேலம் அக்கினி நட்சத்திரத்திலும் காணாத வெப்பம் அது! எங்கள் வில்லமெட் பள்ளத்தாக்கில், பிளாக்பெர்ரியில் ஒரு வகையான மேரியன்பெர்ரியின் தோட்டங்களும் கடுமையாகக் கருகியுள்ளன.

பழம் மென்மையாவதற்கு வெப்பம் மட்டுமே காரணம் என்று எல்லா இடத்திலும் முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து, 2009-இல் வாஷிங்டனிலும் ஆரிகனிலும் கண்டறியப்பட்ட புள்ளிச் சிறகுப் பழ ஈ இன்னொரு காரணமாக இருக்கலாம். வழக்கமான பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும். இதன் பெண் ஈயோ அரம் போன்ற முட்டையிடும் உறுப்பால் பழுக்கத் தொடங்கும் நல்ல பழத்தையே துளைத்து முட்டையிடுகிறது. பறித்த பழத்தில் ஒரு கைப்பிடியை உப்புக் கரைசலில் சிறிது நேரம் போட்டு வையுங்கள். புழு இருந்தால் வெளியே வந்துவிடும்.

லிண்டன் தோட்டத்தார்

மாணவி சொன்ன சோதனையை நாங்களும் வாரந்தோறும் செய்கிறோம். 30 டிகிரிக்கு மேல் அந்த ஈயின் பெருக்கமே தளர்ந்துவிடுவதால், அந்த மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான் என்று சொல்ல வேண்டும். ஆனால் இப்போது குளிர்ந்துவிட்டது. பிந்திப் பழுக்கும் வகைகளில் அது மீண்டும் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

பெல்வியூ வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. இவ்வளவு வெப்பம் வரும் என்று வானிலை நிலையம் பல நாட்கள் முன்பே அறிவித்ததே, மேலே தண்ணீர் தெளித்துக் காப்பாற்றியிருக்க முடியாதா?

லிண்டன் தோட்டத்தார்

புளூபெர்ரியில் அதைத்தான் செய்தோம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது மேல் தெளிப்பான்களை விட்டுவிட்டு இயக்கினால், பழத்தின் மேல் உள்ள நீர் ஆவியாகி அதைக் குளிர்விக்கும். தெளிப்பான் இருந்த பகுதியில் காய்கள் தப்பின. இல்லாத பகுதியில் தென்மேற்குப் பக்கத்துக் கொத்துகள் சுருங்கிவிட்டன. ராஸ்பெர்ரியில் நிலைமை வேறு. பழம் நனைந்தால் சாம்பல் பூசணம் பிடித்துவிடும் என்பதால் எங்கள் ராஸ்பெர்ரி முழுவதும் சொட்டுநீரில்தான் இருக்கிறது. சொட்டுநீர் வேரை நனைக்குமே தவிர பழத்தைக் குளிர்விக்காது. பழுக்கும் பயிரின் மேல் மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் தெளித்து, அடுத்த வாரம் பூசணத்தோடு போராடும் துணிவு எனக்கு வரவில்லை. அது சரியான முடிவா என்று இன்றும் இரவில் யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களிடம் உள்ள மீக்கர் வகை போன்ற கோடை ராஸ்பெர்ரியில் ஒரு தண்டு முதலாண்டில் வளர்ந்து, இரண்டாம் ஆண்டில் காய்த்துப் பின் காய்ந்துவிடும். இப்போது தாங்கள் பறிக்கும் பழம் சென்ற ஆண்டுத் தண்டில் விளைந்தது. அதன் அடியில் முழங்கால் உயரத்தில் நிற்கும் இளந்தண்டுதான் 2022-இன் பயிர். அந்த இளந்தண்டுகளில் நுனி கருகியவை நிறைய. குளிர்காலத்தில் அவற்றைக் கம்பியில் கட்டும்போதுதான் மொட்டுகளை எண்ணி அடுத்த ஆண்டின் இழப்பை அறிய முடியும். மகசூல் குறைந்தால் விலை ஏறி ஈடாகிவிடும் என்று வெளியிலுள்ளவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். சிலி, செர்பியா, மெக்சிகோ நாடுகளின் உறைந்த பழமும் அதே வாங்குபவரின் மேசையில் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மீண்டும் வர எண்ணினால் புளூபெர்ரிக்கு வாருங்கள். டியூக் வகை இப்போது பறிப்பில் இருக்கிறது. லிபர்ட்டி ஆகஸ்டில் பழுக்கும். அது வெப்பத்தின்போது சிறு பச்சைக் காயாக இருந்ததால் பாதிப்பு குறைவு. புறப்படும் முன் தோட்டத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே பறியுங்கள். பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு அதன் இயற்கைக் காப்பு என்பதால், உண்ணும் வேளை வரை கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்திருங்கள்.