சுவருக்குள் தங்கிய ஈரம், பூஞ்சை: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 12 நாட்களுக்கு முன் மாடிக் குளியலறைச் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய் நள்ளிரவில் வெடித்து, கீழே உள்ள படுக்கையறைக்குள் விடியும் வரை நீர் இறங்கியது. தரையில் தேங்கியதை அன்றே துடைத்துவிட்டோம். ஆனால், நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதை அறியாமல், ஜிப்சம் பலகைச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தே காய்ந்துவிட்டதாக நம்பிவிட்டோம்.

நேற்று அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னாலிருந்த சுவரில் முழங்கால் உயரம் வரை மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தன. விரலால் அழுத்தினால் பலகை ஊறிய அட்டைபோல் அமுங்குகிறது.

பழுதுபார்க்க வந்தவர், பிளீச் கொண்டு துடைத்து மேலே பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார். நுண்துளைகள் நிறைந்த பலகையில் பிளீச் மேற்பரப்பை வெளுக்கச் செய்யுமே தவிர, உள்ளே ஊடுருவிய பூஞ்சையை அகற்றாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பலகையை வெட்டி எடுத்தவர்கள், கறைக்கு மேல் எவ்வளவு உயரம் வரை வெட்டினீர்கள்? உள்ளிருக்கும் மரச்சட்டம் முழுமையாக உலர்ந்ததை எப்படி உறுதிசெய்தீர்கள்? என் தாயாருக்கு ஆஸ்துமா இருப்பதால், வெட்டும்போது பூஞ்சை வித்துகள் மற்ற அறைகளுக்குப் பரவாமல் தடுத்த விதத்தையும் தெரிவியுங்கள். காப்பீட்டுக்காகப் புகைப்படங்கள் எடுத்துள்ளேன்; வெட்டிய பலகைத் துண்டையும் உடைந்த குழாயையும் எடுத்துவைக்க வேண்டுமா?