காட்டாற்றில் தனியார் மின்சாரம்: கொங்குக்கு லாபமா, நட்டமா?

மேட்டுப்பாளையத்தான்
2024-ல் தமிழ்நாடு அரசு சிறு நீர்மின் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. 10 மெகாவாட் வரை தனியார் கட்டி, சொந்த மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம் அல்லது விற்கலாம். நம் தலைமாட்டில் நீலகிரியும் ஆனைமலையும் இருக்கின்றன, ஓடைக்குப் பஞ்சமில்லை. ஆள் வராமல் இருக்காது.

அதற்கு முன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பாருங்கள். 2002-ல் அந்த மாகாண அரசு, சிறு நீர்மின் நிலையங்களைத் தன் சொந்த மின்வாரியம் கட்டக்கூடாது, தனியாரே கட்டட்டும் என்றது. அந்த மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் வாரியம் வாங்க வேண்டும். ஆஷ்லு ஓடைத் திட்டத்தை 2005-ல் உள்ளூர் மன்றம் மறுத்தது. அடுத்த வருடமே, மறுக்கும் அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். திட்டம் எழும்பிவிட்டது. மேல் பிட் ஆற்றுத் திட்டம் மட்டும் 2008-ல் ஜனங்கள் திரண்டு நின்றதால் கைவிடப்பட்டது. இங்கே கிராம சபையை யார் கேட்கப்போகிறார்கள்?

பல்லடம் ஓஇ மில்
ஏனுங்க, எதுக்கெடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்றால் மில் எதில் ஓடும்? மாலை 6 மணி ஆனால் பீக் அவர், அதாவது மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரம், யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டுகிறோம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வராமல் இருந்தால் கோயம்புத்தூரில் இத்தனை மில் ஏது? நீங்கள் பயமுறுத்தும் அந்தக் கனடாதான் நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டம் கட்டவும் கைகொடுத்தது.

தனியார் என்றால் ஏன் இப்படி அலறல்? உடுமலைப் பக்கம் சுற்றும் காற்றாலைகளில் எத்தனையோ மில்காரர்கள் போட்டவை. இதிலும் டேம் கிடையாது, காடு மூழ்காது. குறுக்கே ஒரு சின்னத் தடுப்பு, அங்கிருந்து குழாய், கீழே டர்பைன். சுற்றிவிட்டுத் தண்ணீர் அதே ஆற்றில் விழுகிறது. ஒரு சொட்டு குறையாது.

மேட்டுப்பாளையத்தான்
அண்ணா, தண்ணீர் குழாய்க்குள் போகிற அந்தத் தூரத்தில் ஆற்றில் என்ன ஓடும்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சரிவு அதிகம் வேண்டும் என்றால் குழாய் நீளமாகும், அத்தனை தூரமும் வெறும் பாறை. திமில் வைத்த மஹ்சீர் கெண்டை, காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, அழியும் விளிம்பில் இருக்கிறது. அது பிழைத்துக் கிடக்கும் இடங்களில் மாயாறும் ஒன்று.

அப்புறம், மேட்டுப்பாளையத்தில் பவானியை வந்து பாருங்கள். துணி துவைக்கும் கல்லில் காலை ஈரம் ஓர் அடி உயரத்தில் இருக்கும். மேலே பில்லூர் அணையில் மின்சாரத்துக்காகத் திறந்தால் வெயில் நேரத்திலேயே அந்தக் கல் முங்கிவிடும். வானத்தில் மேகமே இருக்காது. கணுக்கால் தண்ணீர் என்று இறங்கிய வெளியூர்ப் பையன்கள் திரும்பி வராத கதை ஊருக்கே தெரியும்.

பல்லடம் ஓஇ மில்
அது நம் மின்வாரியத்தின் டேம் தம்பி, தனியார் இல்லை. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகத் தலா 30 மெகாவாட் கதவணைகள். காவிரி அங்கே ஆறா, குட்டை வரிசையா? வாரியம் கட்டினால் மட்டும் புண்ணியமா?

கோபி வாய்க்கால்
நியாயமான கேள்வி. ஆனால் வாரியம் தப்பு செய்தால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காரலாம், சட்டசபையில் கேட்கலாம். தனியார் ஒப்பந்தத்தைக் காட்டுவார். எங்களுக்குக் கொடிவேரியில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால். கீழே காலிங்கராயன், 13-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடுகிறது. கீழ்பவானியில் 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். முறைத் தண்ணீருக்கே எங்களுக்குள் மல்லுக்கட்டு தீரவில்லை. மேலே பத்து பேர் பத்து மதகு வைத்துக்கொண்டு, விலை ஏறும் நேரம் பார்த்துத் திறந்தால் யாரிடம் போய் நிற்பது?

இன்னொன்று. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 25 மெகாவாட்டுக்குக் கீழே உள்ள நீர்மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம். வன நிலம் என்றால்தான் வனத்துறையிடம் போக வேண்டும். ஒரே ஓடையில் 10 மெகாவாட்டாக மூன்று வந்தாலும் மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

உடுமலை காத்தாடி
நான் காற்றாலையில் வேலை பார்ப்பவன். இரண்டு பக்கமும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்த ஓடைகள் எப்போது நிரம்பும்? தென்மேற்குப் பருவத்தில். பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்போது அடிக்கும்? அதே ஆனி, ஆடி, ஆவணியில். அப்போது எங்கள் காத்தாடியையே சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள், மின்சாரத்தைப் போட இடமில்லை என்று. நீங்கள் தவிக்கும் மாசி, பங்குனியில் ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது, டர்பைன் சும்மா கிடக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதே கதைதான்: பனி உருகும் காலத்தில் கொட்டும், குளிரில் ஹீட்டர் ஓடும்போது வற்றும். வாரியத்துக்கு வேண்டாத நேரத்தில் வந்த மின்சாரத்துக்கும் பணம் கட்டினார்கள்.

மில்லண்ணா, உங்கள் 25 சதவீதம் இதனால் ஒரு பைசா குறையாது.

பல்லடம் ஓஇ மில்
சரி, கணக்கு புரிகிறது. அப்படியென்றால் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் கட்டுகிறார்களே, அந்த மாதிரி? உங்கள் மிச்சக் காற்றில் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் கீழே விடலாம். அதிலும் தனியார் வரட்டும்.

உடுமலை காத்தாடி
அது வேறு விஷயம், அதை நான் எதிர்க்கவில்லை. குந்தாவில் போர்த்திமந்து மேலே, அவலாஞ்சி-எமரால்டு கீழே, இரண்டு அணையும் ஏற்கனவே இருக்கின்றன. நீலகிரியின் இன்னொரு நீரேற்றுத் திட்டமான சில்லஹல்லாவுக்குப் புதிதாக அணை வேண்டும், அங்கே மலைக்காரர்கள் எதிர்ப்பது சரிதான்.

மேட்டுப்பாளையத்தான்
எனக்கு அதிலும் முழுச் சம்மதமில்லை, காடு காடுதான். ஆனால் இருக்கிற அணையில் செய்தால் சண்டைக்கு வரமாட்டேன். புது ஓடை வேண்டாம்.

பல்லடம் ஓஇ மில்
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லைங்க. ஆனைமலைப் பக்கம் வடகிழக்கு மழையும் கொஞ்சம் கிடைக்கும், ஐப்பசி கார்த்திகையில் உங்கள் காத்தாடி தூங்கும். மாதவாரியாக ஓடைகளின் நீரோட்டக் கணக்கு எடுத்துவிட்டு மறுபடி வருகிறேன்.

கோபி வாய்க்கால்
எடுங்கண்ணா. எடுக்கும்போது மதகு திறக்கும் நேரமும் சேர்த்து எடுங்கள், நாற்று விடுவது நாங்கள்.