1/350 எல்.எஸ்.டி. கரையேறிய நிலையில்: நீர்மட்டம் எங்கே?

பசைக்கை:
ஏ.எஃப்.வி. கிளப் கம்பெனியின் 1/350 அளவு எல்.எஸ்.டி.-1 வகுப்பு (டாங்கிகளை நேரே கரையில் இறக்கும் போர்க்கப்பல்) மாடல் கிட் கையில் இருக்கிறது. நார்மண்டி, ஜூன் 1944. முன்கதவு திறந்து, ராம்ப் இறங்கி, ஒரு ஷெர்மன் டாங்கி வெளியே வருவது போல டயோரமா (காட்சி மாதிரி). ஹல்லை (கப்பலின் உடலை) எந்த மட்டத்தில் அறுப்பது? உள்ளே டேங்க் டெக் முழுவதும் கட்டணுமா? தண்ணீருக்கு எபாக்ஸி ரெசின் ஊற்றலாம் என்று நினைக்கிறேன்.

கடல்தச்சன்:
அறுக்கவே வேண்டாம். அறுத்தாலும் நேர்கோட்டில் கூடாது, பலரும் சறுக்குவது அங்கேதான். கரையேறும்போது இந்தக் கப்பல் மட்டமாக நிற்காது. 500 டன் சுமையோடு முன்னால் சுமார் 3 அடி, பின்னால் சுமார் 9½ அடி முங்கியிருக்கும். மாடலில் முன்பக்கம் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, பின்பக்கம் 8 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. 50-க்கு 1 சரிவுள்ள கரையை மனதில் வைத்து வடிவமைத்த அடிப்பாகம்; 28.5 செ.மீ. நீளத்துக்கு அது 5.7 மி.மீ. மணலை அதற்கு மேல் செங்குத்தாகக் குவித்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

எக்ஸ்.பி.எஸ். ஃபோமில் (கெட்டியான ஃபோம் பலகை) ஹல் அளவுக்குக் குடைந்து உட்காரவையுங்கள். உயரம் தப்பினால் அடியில் ஒரு அட்டையைச் சொருகினால் போச்சு.

முன்வாய் நிஜத்தில் 14 அடி, மாடலில் 12 மி.மீ. அதன் வழியே 5 செ.மீ.க்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அதுவரை தளமும் சுவரும் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்து, பின்னால் மேட் கறுப்பு அடித்துவிடுங்கள். மேல்தளத்தை ஒட்டுவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலை இது.

உப்புக்காற்று:
ரெசின் எபாக்ஸிதானா என்று டப்பாவைப் பாருங்கள். பாலியஸ்டர் என்றால் ஃபோமைத் தின்றுவிடும். ஒரு தடவைக்கு 2–3 மி.மீ.க்கு மேல் ஊற்றாதீர்கள். தடியாக ஊற்றினால் சூடேறி மெல்லிய ஹல் வளையும், குமிழியும் நிற்கும். கலவை விகிதத்தைக் கண்ணளவில் போடாமல் தராசில் எடை போடுங்கள், பிசகினால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ரெசின் ஹல்லின் ஓரத்தில் ஒரு விளிம்பாக ஏறி நிற்கும்; காய்ந்தபின் அக்ரிலிக் ஜெல்லில் அலை நுரை இழுத்தால் மறைந்துவிடும். ராம்ப் வாயில் மாஸ்கிங் டேப்பால் அணை கட்ட மறக்காதீர்கள்.

நங்கூரம்:
நார்மண்டி என்றால் ரெசினே தேவையில்லை. அங்கே எல்.எஸ்.டி.க்களை உயர் ஓதத்தில் ஏற்றி, நீர் வடிந்ததும் காய்ந்த மணலில் வண்டிகளை இறக்கினார்கள். அப்படி வைத்தால் இரண்டு புரொப்பெல்லர், இரண்டு சுக்கான் எல்லாம் வெளியே தெரியும். என் ஓட்டு இதற்குத்தான்.

எப்படி வைத்தாலும் பின் நங்கூரக் கம்பியை விடாதீர்கள். கரையேறும் முன்பே அதைக் கடலில் போட்டுவிடுவார்கள், திரும்பும்போது வின்ச்சில் இழுத்துத்தான் கப்பல் விடுபடும். 0.1 மி.மீ. கம்பி போதும்.

பசைக்கை:
மணல்தான் அப்போ. எல்.எஸ்.டி.-325 எண் போடலாமா?

நங்கூரம்:
தாராளமாக. அது எல்.எஸ்.டி.-1 வகுப்பு, நார்மண்டியின் ஒமாஹா கடற்கரைக்குப் போனது, இப்போது இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் மியூசியம். ஆனால் 1964 முதல் 1999 வரை கிரேக்கக் கடற்படையில் ஓடிய கப்பல். இன்றைய படங்களை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். மேல்தளத்து நடுவில் வரும் காற்றோட்டக் குழாய்களையும் வெட்டாதீர்கள், அவை நீங்கியது பின்னால் வந்த எல்.எஸ்.டி.-542 வகுப்பில்தான்.